ஜல்லி ரோட்டு வெளிச்சம்

தை 5, திங்கள்

காலையில் பனி. செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. மேல் பாறைகள் மட்டும் அந்தரத்தில். வெயில் ஏறின பிறகுதான் மலைக்குக் கால் முளைத்தது.

இன்றைய வேலை:
– குழாய் அறுப்பது
– செம்புக் கம்பி சுற்றுவது
– கஞ்சி (உப்பு ஜாடி எங்கே என்று தெரியவில்லை)

என் வீட்டுக்காரி வசந்தா, எங்கள் மகள் செல்வி வீட்டில். போகியன்று போனவள். காரணம் ரேடியோ. எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. போகிக்கு வீட்டில் பழசு எதுவும் இருக்கக் கூடாது என்று சொன்னது அவள்தான். பழைய பாய், ஓரம் போன முறம், துடைப்பம் எல்லாம் அவள் எடுத்து வாசலில் போட்டாள். நான் அவளுடைய மர ரேடியோவை எடுத்துப் பிரித்தேன். கல்யாணத்துக்கு அவள் நைனா சீராகக் கொடுத்தது. இந்த வீட்டில் அதைவிடப் பழசு நான் ஒருவன்தான். சமைக்கும்போது அதை வைத்துக்கொள்வாள். பாதி நேரம் இரைச்சல், மீதி நேரம் உரம் போடுவது எப்படி என்ற பேச்சு. எங்களுக்கு நிலமும் இல்லை.

எனக்கு வேண்டியது அதன் ஸ்பீக்கரில் இருந்த காந்தம். இப்போது வரும் ஸ்பீக்கரில் காந்தம் வடை மாதிரி, நடுவில் ஓட்டையோடு இருக்கும். குழாய்க்குள் போகாது. அந்தக் காலத்து ரேடியோவில் கட்டைவிரல் கனத்துக்கு உருண்டைக் கட்டை. மைக் செட் வைத்துப் பிழைத்தவன் நான், எனக்குத் தெரியும். செஞ்சி முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது.

அவள் கத்தவில்லை. பின்பக்க அட்டையைத் தூக்கி உள்ளே பார்த்தாள். "இது எப்பப் பேசுதோ அப்ப வரேன்" என்றாள். பையை எடுத்துக்கொண்டாள். பொங்கல் பானையையும்.

ஒரு காந்தத்துக்காகவா வீட்டை விட்டுப் போவார்கள்.

மாலை: கம்பி பாதி சுற்றியாயிற்று. கண் எரிச்சல். உப்பு கிடைத்தது. அரிசிப் பானைக்குப் பின்னால்.

தை 6, செவ்வாய்

மேகம் இல்லை. குளிர்.

மெஷின் தயார். எப்படி என்று இங்கே குறித்து வைக்கிறேன். பேப்பரில் எங்கோ வெளிநாட்டில் எவனோ இதைச் செய்கிறான் என்று போட்டிருந்தான். எனக்கு இது தோன்றிப் பல வருஷம். அப்போது எழுதி வைக்கவில்லை. சொன்னேன், சிரித்தார்கள்.

கைக்கு அடங்கும் பிளாஸ்டிக் குழாய். உள்ளே காந்தம். அதற்கு மேலே ஒரு ஸ்பிரிங், கீழே ஒரு ஸ்பிரிங். குழாய்க்கு வெளியே செம்புக் கம்பி, நெருக்கமாக. சைக்கிள் குலுங்கினால் காந்தம் துள்ளும். காந்தம் துள்ளினால் கம்பியில் கரண்ட். கரண்ட் வந்தால் விளக்கு. ஸ்பீக்கருக்குக் கரண்ட் கொடுத்தால் நடுங்குகிறது. நடுக்கத்தைக் கொடுத்தால் கரண்ட் ஏன் தராது? இவ்வளவுதான் விஷயம். இதற்குக் காலேஜ் வேண்டாம்.

குழாயைப் பின் கேரியருக்கு அடியில் நிமிர்த்திக் கட்டினேன். வண்டியில் அதிகம் துள்ளுவது கேரியர்தான். அங்கிருந்து வயர், ஹாண்டில்பாரில் சீரியல் செட் பல்பு. கடுகளவு.

என் விதி: பேட்டரி கூடாது. டைனமோ கூடாது, அது டயரைக் கவ்விக்கொண்டு காலை உறிஞ்சும், என் முட்டிக்கு ஆகாது. கை படக் கூடாது. ரோடு கொடுக்க வேண்டும். ரோடு மட்டும்.

டீக்கடையில் சொன்னதை நேற்றே ஊர் முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். இன்று காதில் விழுந்தது:
"பெரியவரு ரோட்லருந்து கரண்ட் எடுக்கறாராம்பா."
"மீட்டர் எங்க மாட்டுவாரு, வேப்ப மரத்துலயா?"
டீ நன்றாக இல்லை. பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

தை 7, புதன்

எரிந்தது.

கோட்டைக்குப் போகும் ரோடு வழவழ. வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள் என்று அதை மட்டும் போட்டார்கள். அதில் ஓட்டினால் குழாய்க்குள் காந்தம் தூங்குகிறது. தொண்டூர் ரோட்டிலிருந்து ஏரிப் பக்கம் பிரியும் ரோடு வேறு. ஜல்லி கொட்டி, உருளை விட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மழை பார்த்த ஜல்லி. அதில் ஏறினதும் முதலில் பல் ஆடியது, பிறகு விளக்கு.

பொழுது சாய்ந்த நேரம். பல்பு நின்று எரியவில்லை. துடித்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு மினுக்கு. முன்னால் ரோடு தெரிந்தது என்று சொல்ல முடியாது, ரோடு இருப்பது தெரிந்தது. பெடலை மிதிப்பது மறந்துபோய் யாரோ என்னை இழுத்துக்கொண்டு போவது மாதிரி. இரண்டு பக்கமும் கரும்பு. காற்று இல்லை. கரும்புக்குள் ஏதோ ஒன்று என்னோடு கூடவே வந்தது, நரியோ நாயோ, நிற்கவில்லை, துரத்தவும் இல்லை.

ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷம் இந்த ரோடு எங்களைக் குலுக்கியது எல்லாம் எங்கே போயிற்று? திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போகும்போது வசந்தா கேரியரில் உட்கார்ந்து குழாய் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஊர் ஊராக. அந்தக் குலுக்கல் எல்லாம் அவள் இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எரிந்திருந்தால் ஒரு தெருவுக்கு விளக்கு.

புளியமரம் வரை போய்த் திரும்பினேன். செல்வி ஊர் அதற்கும் அப்பால், ஏரிக்கு அந்தக் கரையில். அங்கே போகவில்லை. சோதனைக்கு ஏற்ற ரோடு அங்கேதான் இருக்கிறது, நான் என்ன செய்ய.

தை 8, வியாழன்

பின் சக்கரம் பஞ்சர். ஏழுமலை கடையில் விட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருப்பவன். முறைக்கு என்னை மாமா என்பான்.

"இன்னா மாமா, வண்டி லொடலொடங்குது. அத்தைய வேற காணோம்."
"பஞ்சர் மட்டும் பாரு."
"அத்த எங்க?"
"பஞ்சர் மட்டும் பாரு."

சாயங்காலம் செல்வி போன்.
"நைனா, சாப்டியா?"
"ம்."
"இன்னா சாப்ட?"
"சாப்பாடு."
"அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசு நைனா. தோ பக்கத்துலதான் இருக்குது."
நான் எதற்குப் பேச வேண்டும். பேசாமல் போனது அவள். செல்வி போனை அவள் காதில் வைத்தாள் போல. அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. ஒரு கோழி கத்தியது. இந்தப் பக்கம் நானும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கட் ஆகிவிட்டது.

சார்ஜ் இல்லை.

தை 9, வெள்ளி

அதே ஜல்லி, அதே நேரம். எரியவில்லை. ஒரு மினுக்கு கூட இல்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கழற்றினேன். கம்பி அறுபடவில்லை. பல்பு நல்லது. ஸ்பிரிங் நல்லது. காந்தத்தில் ஒரு ஆணியை ஒட்டிப் பார்த்தேன். ஒட்டியது. ஆனால் போகியன்று இருந்த பிடி இல்லை. இந்த வகைக் காந்தம் இருந்த இடத்தை விட்டு வெளியே எடுத்தால் பலம் குறையும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. படித்துவிட்டு நம்பவில்லை. ஸ்பீக்கரில் அதைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கும். அந்தக் கூட்டுக்குள் இருந்தவரை பலமாக இருந்திருக்கிறது.

குறைந்தது சரி, இப்படி ஒரேயடியாகவா.

அப்படியே தூங்கிவிட்டேன். கனவில் செஞ்சி முழுக்க ஜல்லி ரோடு. எல்லா வண்டியும் குலுங்கிக்கொண்டு போகிறது. பஸ், ஷேர் ஆட்டோ, மணிலாக் கொட்டை மூட்டை ஏற்றின டிராக்டர், கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகிற ஒரு சீக்காளி. குலுங்குகிற எல்லாவற்றுக்குள்ளும் விளக்கு எரிகிறது. ஆட்களின் முதுகுக்குள்கூட. சட்டைக்கு மேல் தெரிகிறது. ராஜகிரி மலை மேலிருந்து பார்க்கிறேன். யாரும் சத்தம் போடவில்லை. மூச்சு விடுகிற மாதிரி எல்லாம் எரிந்து எரிந்து அடங்குகிறது.

எழுந்தபோது வீட்டில் இருட்டு. விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தை 10, சனி

கண்டுபிடித்தேன். ஏழுமலை.

வண்டியைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தால், கேரியருக்கும் சட்டத்துக்கும் நடுவில் பழைய டியூப் ரப்பர், நாலு மடிப்பு, இறுக்கிக் கட்டியிருக்கிறான். மட்கார்டு போல்ட்டு எல்லாம் முடுக்கியிருக்கிறான். சீட்டுக்கு அடியில் பஞ்சு. வண்டி பூனை மாதிரி போகிறது. நேரே கடைக்குப் போனேன்.

"எவன்டா உன்ன இதெல்லாம் பண்ணச் சொன்னது?"
"லொடலொடன்னு இருந்துச்சி மாமா. காசு வேணாம், சும்மாதான் பண்ணேன்."
"அந்த லொடலொடதான்டா எனக்கு வேணும்."
அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தான். "மாமா, நான் கட வெச்சி இத்தினி வருசத்துல லொடலொட வேணும்னு ஒருத்தரும் வந்ததில்ல."
"இப்ப வந்துட்டேன். கழட்டு."
"அத்தைக்கு இடுப்பு நோவுதுன்னு நீயே சொன்ன. அது உக்காந்தா நோவக் கூடாதுன்னுதான் ரப்பர் வெச்சேன்."

ரப்பரைக் கழற்றினான். போல்ட்டை எல்லாம் அரை சுற்று தளர்த்தச் சொன்னேன். அழாத குறையாகத் தளர்த்தினான். பஞ்சு மட்டும் இருக்கட்டும் என்றான். இருக்கட்டும் என்று விட்டேன். என் இடத்தில்தான் பஞ்சு, கேரியருக்கு அது சம்பந்தம் இல்லை.

ரப்பரை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

தை 11, ஞாயிறு

எரிந்தது. முன்பைவிட நன்றாக. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் நறுக்கினேன், அதுவும் காரணம். புளியமரம் தாண்டி, கரும்பு தாண்டி, ஏரிக்கரை மேலே ஏறி, மதகு வரை.

மதகோடு திரும்பிவிட்டேன். மதகுக்கு அப்பால் செல்வி ஊர் எல்லை. அதைத் தாண்டினால் நான் போனதாகிவிடும்.

மழைக்கு ஏரி நிறைந்திருந்தது. கரை மேல் ஓட்டும்போது தண்ணீருக்குள்ளும் ஒரு கடுகு மினுக்கிக்கொண்டு வந்தது. நான் நின்றால் அது அணைந்தது. நகர்ந்தால் வந்தது. அந்தக் கரையில் வீடுகள். செல்வி வீடு எது என்று இங்கிருந்து தெரியாது. தெரியும். கோடியில் தென்னை இரண்டு சேர்ந்து நிற்குமே, அது.

தை 12, திங்கள்

பாதி நிலா, உச்சியில். சோதனைக்குக் கெடுதல்.

இன்று ஏரிக்கரையில் தகராறு. மதகுக்கு இந்தப் பக்கம் பழைய தார் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பள்ளம் பள்ளமாக, நல்ல குலுக்கல் தரும் இடம். அதன் மேல் கொள்ளுச் செடியை ஆள் முழங்கால் உயரம் பரப்பியிருந்தாள் அஞ்சலை, செல்விக்குப் பக்கத்து வீட்டுக்காரி. போகிற வண்டி ஏறினால் காய் உடையும், அவளுக்கு அடிக்கிற வேலை மிச்சம். நான் ஓரமாக ஒதுங்கி ஓட்டினேன்.

"யோவ் பெரியவரே, ஓரமா இன்னாத்துக்குப் போற? மேல ஏத்திக்கினு போ."
"மேல ஏறினா மெத்து மெத்துன்னு போவுது. வெளக்கு அணஞ்சிடும்."
"எனக்குக் கொள்ளு ஒடையணும்."
"எனக்கு வெளக்கு எரியணும்."
"வெளக்கு வேணும்னா கடையில வாங்கு. நீ ரெண்டு தரம் இப்பிடியும் அப்பிடியும் மிதிச்சினா எனக்கு ஒரு படி தேறும்."

சக்கரத்தில் கொள்ளுக்கொடி சுற்றிக்கொண்டது. இறங்கி உருவினேன். அவளும் வந்து உருவினாள். உருவிக்கொண்டே:

"வசந்தாக்கா சோறு திங்கறதே இல்ல சரியா. ஆறு மணியானா செய்தி கேக்கணும்னு எழுந்திரிக்குது. அப்புறம் ரேடியோ இங்க இல்லன்னு ஞாபகம் வந்து உக்காந்துடுது."

"செல்வி வீட்ல டிவி இருக்குதே."

"டிவி இருக்குது" என்றாள்.

மதகு வரை போகவில்லை. கொள்ளு மேல் இரண்டு தரம் ஏற்றி இறக்கிவிட்டுத் திரும்பினேன். விளக்கு அணைந்துதான் இருந்தது. காய் உடைகிற சத்தம் மட்டும் சக்கரத்துக்கு அடியில், சிறுதூறல் மாதிரி.

தை 13, செவ்வாய்

எங்கும் போகவில்லை. முட்டி வீக்கம்.

ரேடியோவைத் துடைத்தேன். உள்ளே பல்லி முட்டை இரண்டு, ஒரு கொண்டை ஊசி. கொண்டை ஊசி எப்படி உள்ளே போயிற்று? ஸ்பீக்கர் பேப்பர் கிழிந்திருக்கிறது. நான் கிழிக்கவில்லை, காந்தத்தை எடுக்கும்போது தானாக விட்டுக்கொடுத்துவிட்டது. ஒட்டலாம். இரும்புக் கூடு சேதமில்லாமல் இருக்கிறது. காந்தத்தைத் திரும்ப வைத்தால் பேசுமா? பேசலாம். சன்னமாக. பலம் குறைந்துவிட்டதே.

வைக்கிறதாக இல்லை. சோதனை முடியவில்லை. வீட்டிலிருந்து ஏரி தாண்டி ரோடு முடியும் வரை எரிய வேண்டும், ஒரே ஓட்டமாக. அதற்குப் பிறகு பார்க்கலாம்.

சமையல்கட்டில் சத்தமே இல்லை. அந்த இரைச்சல் இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை.

கஞ்சி அடிப்பிடித்தது.

தை 15, வியாழன்

காலையில் லேசாகத் தூறல். கோட்டை மேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது.

செல்வி போன். குரலில் சந்தோஷம்.
"நைனா, ரோடு போடறாங்க. தார் டிரம் வந்து எறங்கிடுச்சி. பூசம் கழிச்சி ஆரம்பிக்கறாங்களாம். இனிமே ஆட்டோவே வாசலுக்கு வரும்."
"சரி."
"இன்னா சரிங்கற? அம்மா இடுப்புக்கு நல்லதுதான?"
"சரின்னுதான சொன்னேன்."

எல்லோருக்கும் நல்லதுதான். அஞ்சலைக்குக் கொள்ளில் கல் இருக்காது. மாப்பிள்ளைக்குப் பால் கேன் சிந்தாது. ரோடு கேட்டு ஊரில் கையெழுத்து வாங்க வந்தபோது நான் ஒருவன் போடவில்லை. அப்போது காரணம் வேறு: இரண்டு மழைக்கு முன்னால் போட வேண்டிய ரோட்டுக்கு இப்போது என்ன கையெழுத்து? இப்போது காரணம் இது. ரோடு வழவழ ஆகிவிட்டால் மெஷின் செத்தது. காந்தமும் வீண், அவள் போனதும் வீண்.

பூசத்துக்குள் முடிக்க வேண்டும்.

தை 17, சனி

ஒத்திகை. புளியமரம் வரை நன்று. வயரில் ஒரு இடம் தளர்வு, பற்ற வைத்தேன். கரும்பு வெட்டிவிட்டார்கள். கூட வந்தது நரியா நாயா என்று இனித் தெரியப்போவதில்லை.

ரோட்டோரம் தார் டிரம்கள் வரிசை. மாடுகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. கடந்து போகும்போது விளக்கு வெளிச்சம் ஒவ்வொன்றின் மேலும் பட்டுப் பட்டு விலகியது. ஒன்றை உதைத்தேன். கால் வலி.

நாளைக்குச் சட்டை துவைத்துப் போட்டேன். சோதனைக்குத்தான்.

தை 18, ஞாயிறு, பூசம்

தெருவில் காவடி. செல்வி வீட்டுக்குக் கிளம்பும்போது வெளிச்சம் போகவில்லை, நிலாவும் வரவில்லை. நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு வேண்டியது. ஜல்லியில் ஏறினேன். எரிந்தது. புளியமரம் வரை எரிந்தது. வெட்டின கரும்புக் காடு, டிரம்கள், ஏரிக்கரை. கொள்ளு எடுத்துவிட்டிருந்தார்கள், பழைய தாரிலும் எரிந்தது. மதகு. நிற்கவில்லை. எல்லை தாண்டினேன். கரை இறக்கத்தில் துள்ளிய துள்ளலில் பல்பு வெள்ளையாக எரிந்தது, இதுவரை எரியாத மாதிரி. தென்னை இரண்டுக்கும் நடுவில் நிலா ஏறிக்கொண்டிருந்தது, பெரியதாக, மஞ்சளாக. பார்க்கவில்லை. பல்பைத்தான் பார்த்தேன். செல்வி வாசல் வரை ஒரே ஓட்டம்.

சோதனை முடிந்தது. ஜெயம். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

வசந்தா மட்டும் வாசல்படியில் உட்கார்ந்து முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை.

"ரோடே குடுத்துச்சி" என்றேன். "கை கால் எதுவும் படல."

"தெரியும். தெனம் பாக்கறேனே."

"எத?"

"கரையத்தான். ஒரு நாளு வெளிச்சம் மதகு வரைக்கும் வந்துச்சி, திரும்பிப் போச்சி. அடுத்த நாளு மதகுக்கு அந்தாண்டயே அணஞ்சி போச்சி. அன்னிக்கு நான் கரை வரைக்கும் நடந்து வந்து பாத்தேன். ஆளக் காணோம். அப்புறம் வெளிச்சமே வரல, காய்ச்சலா இருக்கும்னு பாத்தேன்."

"அணஞ்ச அன்னிக்குக் கொள்ளு" என்றேன்.

"அஞ்சலை சொல்லிச்சி."

முறத்தை வைத்தாள். எழுந்து வந்து கேரியருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குழாயில் விரலால் தட்டினாள். உள்ளே டொக் என்றது.

"இதுக்குள்ளதான் இருக்குதா?"

"ம். ரேடியோவத் தொடச்சி வெச்சிருக்கேன். பேப்பர் ஒட்டிடலாம். உன் கொண்ட ஊசி ஒண்ணு உள்ள இருந்துச்சி."

"பேசுமா?"

"சன்னமாத்தான் பேசும்."

"நாளைக்கித் தார் போட்டுட்டாங்கன்னா இன்னா பண்ணுவ? சோதனை இல்லாம இந்தப் பக்கம் வருவியா நீ?"

நான் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். இருந்தது. உள்ளே போனவள் பையோடு வந்தாள். பானையோடும். கதவைச் சாத்தி, சாவியை அஞ்சலை வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்தாள்.

"ரேடியோ இன்னும் பேசல" என்றேன். அவள் சொன்ன வார்த்தை அவளுக்கு நினைவிருக்க வேண்டும் அல்லவா.

"தெரியும். மிதி."

ஏழுமலையின் ரப்பரைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நாலு மடிப்பையும் கேரியர் மேல் போட்டேன், அவள் உட்காரும் இடத்தில். அவள் அதைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

கரை ஏறினோம். பல்பு எரியவில்லை. இறங்கித் தட்டினேன். வயர் சரி. மறுபடி ஏறினோம். இல்லை. பிறகுதான் புரிந்தது. கேரியரில் ஆள் உட்கார்ந்தால் கேரியர் துள்ளாது. பாரம் அமுக்கிக்கொள்கிறது. ஜல்லி என்ன குலுக்கினாலும் குழாய்க்கு வந்து சேருவதில்லை. இத்தனை நாள் காலி கேரியரோடு ஓட்டியிருக்கிறேன். இது தோன்றவே இல்லை.

"நான் உக்காந்தா எரியாதா?"

"உன் பாரத்துக்கு ஸ்பிரிங் மாத்தணும்."

"அப்ப எறங்கி நடக்கட்டா?"

"உக்காரு."

நிலா கரைக்கு மேல் வந்துவிட்டது. ரோடு வெள்ளையாகத் தெரிந்தது, ஒவ்வொரு கல்லும் நிழலோடு. விளக்கே தேவையில்லை. அதுவும் எனக்கு எரிச்சல். மிதித்தேன். பின்னால் அவள் ஏதோ அவிழ்க்கிற மாதிரி இருந்தது. பானை டங் என்றது. திடீரென்று முன்னால் பல்பு பளிச்சென்று எரிந்தது. தார் டிரம் அத்தனையும் தெரிந்தது. அணையவில்லை.

திரும்பிப் பார்த்தேன். குழாயை அவிழ்த்து மடியில் எடுத்து, முறம் புடைக்கிற கையால் புடைத்துக்கொண்டு வருகிறாள். வயர் அவள் தோள் மேல்.

"அட, கை படக் கூடாது. அது விதி."

"என் காந்தம். நான் ஆட்டறேன். நீ நேராப் பாத்து மிதி."

கை ஓயும்போது அணைந்தது. நிலாவில் கொஞ்ச தூரம். மறுபடி ஆட்டினாள். வீடு வரை இப்படியே.

இது கணக்கில் சேராது. ரோடு கொடுத்தது இல்லை. போன வழிதான் கணக்கு. வந்த வழி கணக்கில்லை.

தை 19, திங்கள்

பனி. இன்னும் விடியவில்லை. அவள் எழுந்துவிட்டாள்.

ரேடியோவைத் திறந்து மேசை மேல் வைத்திருக்கிறேன். பேப்பர் ஒட்டியாயிற்று, காய வேண்டும். காந்தத்தை எடுத்து வைக்கலாம் என்று குழாயைக் கேட்டேன். தரவில்லை. கோழிக் கூண்டுப் பக்கம் ஏதோ சத்தமாம், பார்த்துவிட்டுத் தருகிறாளாம். வயரையும் பல்பையும்கூட எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பின்கட்டில் பனிக்குள் வெளிச்சம் அப்படியும் இப்படியும் போகிறது. இன்னும் உள்ளே வரவில்லை. கூப்பிட்டால், "தோ வரேன்" என்கிறாள், வெளிச்சம் இன்னும் தள்ளிப் போகிறது.